வாசலில் பேய், பையில் மிட்டாய்

அக்டோபர் பிறந்தால் அமெரிக்கத் தபால்களில் பேய் வாடை அடிக்கும். இந்த இதழில் ஹாலோவீன் வீட்டு அலங்காரம் பற்றி வந்த கேள்விகள் மட்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும், பேய்க்கு முன்னுரிமை.

‘புதுக் குடித்தனம்’, எடிசன், நியூஜெர்சி
கே: மாமா, முதல் ஹாலோவீன். வீட்டு அலங்காரத்தை எங்கே தொடங்குவது?
ப: வாசல் விளக்கின் சுவிட்சில். அக்டோபர் 31 சாயங்காலம் அந்த விளக்கு எரிந்தால் தெருவுக்கே தெரியும்: இங்கே மிட்டாய் உண்டு. அணைந்திருந்தால், வேஷம் கட்டி மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆயிரம் டாலருக்கு எலும்புக்கூடு நிறுத்திவிட்டு விளக்கை அணைத்து வைப்பவர், பந்தி போட்டுவிட்டு கேட்டைப் பூட்டியவர்.

‘கணக்குப்பிள்ளை’, ஹூஸ்டன்
கே: நிஜமாகவே இதற்கெல்லாம் காசு செலவழிக்கிறார்களா?
ப: அமெரிக்கச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு 2023-ல் போட்ட மதிப்பீடு: ஹாலோவீனுக்கு மொத்தம் 1,220 கோடி டாலர். அதில் மிட்டாய்க்கு 360 கோடி, அலங்காரத்துக்கு 390 கோடி. குழந்தையின் வாய்க்குப் போவதைவிடப் பேயின் மேக்கப்புக்குப் போவது அதிகம். பேய்க்கு இனி ரேஷன் கார்டு ஒன்றுதான் பாக்கி.

‘சந்தேகப் பிராணி’, சிகாகோ
கே: பரங்கிக்காயில் முகம் வெட்டும் யோசனை யாருக்கு உதித்தது?
ப: அயர்லாந்து, ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு. ஆனால் அங்கே காய் வேறு: டர்னிப். அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் நாட்டுப்புற வாழ்க்கைக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் பழைய டர்னிப் முகம் ஒன்றின் பிளாஸ்டர் அச்சைக் காட்டுகிறார்கள். குழிந்த கண், கோணல் பல், சுருங்கிய தோல். அதைப் பார்த்தால் பரங்கிக்காய்ப் பேய் பால்வாடிக் குழந்தை.
பஞ்சத்தில் கப்பலேறிய ஐரிஷ்காரர்கள் அமெரிக்காவில் பரங்கிக்காயைக் கண்டார்கள். பெரிய காய், மெத்தென்ற சதை, உள்ளே பாதி காலி. கல்லு மாதிரி டர்னிப்பைக் குடைந்து கை காய்த்தவன் அப்புறம் ஏன் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கிறான்?

‘பெயர் ஆராய்ச்சி’, பிட்ஸ்பர்க்
கே: பரங்கிக்காய் விளக்கை ‘ஜாக்-ஓ-லாண்டர்ன்’ என்கிறார்களே, அந்த ஜாக் யார்?
ப: ஐரிஷ் கதையில் வரும் மகா கஞ்சன். சாத்தானையே ஏமாற்றி, ‘உன் உயிரை எடுக்க மாட்டேன்’ என்று சத்தியம் வாங்கியவன். செத்தபின் சொர்க்கத்தில் இடமில்லை என்றார்கள். நரகத்திலோ சத்தியம் குறுக்கே நின்றது. சாத்தான் பரிதாபப்பட்டு ஒரு தணலை எறிய, அதை டர்னிப்பில் வைத்துக்கொண்டு இன்றும் அலைகிறானாம். இரண்டு ஊரிலும் விசா மறுக்கப்பட்ட முதல் ஆள். எச்1பி வரிசையில் நிற்பவர்கள் இஷ்ட தெய்வமாக வைத்துக்கொள்ளலாம்.

‘அவசரக் குடுக்கை’, சார்லட்
கே: பரங்கிக்காயை அக்டோபர் 10-ம் தேதியே செதுக்கிவிட்டேன். 15-ம் தேதி முகம் தொங்கிவிட்டது. ஏன்?
ப: கத்தி படாத காய் வாரக்கணக்கில் கிண்ணென்று இருக்கும். பட்ட காய்க்கு ஆயுள் சில நாள்தான். அதனால் காயை முன்னாலேயே வாங்குங்கள், முகத்தை 28, 29-ல் வெட்டுங்கள். உள்சதையை வழவழப்பாக வழித்தெடுத்து, வெட்டிய விளிம்பில் வாஸ்லின் தடவுங்கள். ஈரம் சட்டென்று போகாது. திறப்பைத் தலையில் போடாமல் அடியில் போட்டால் மூடி சுருங்கி உள்ளே விழும் தொல்லையும் இல்லை. அப்படியும் முகம் தொங்கினால் கவலை வேண்டாம். நம் எல்லோருக்கும் நடப்பதுதான்.

‘அணில் அடிமை’, அட்லாண்டா
கே: என் பரங்கிக்காயின் மூக்கை அணில் தின்றுவிட்டது!
ப: மிளகாய்த் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். அந்தக் காரம் பாலூட்டிகளுக்குத்தான் உறைக்கும், பறவைகளுக்கு உறைக்காது. மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். தூள் குண்டூரிலிருந்து வந்ததென்றால் அணில் மாநிலமே மாறிவிடும்.

‘சிக்கனச் செல்வி’, மில்வாக்கி
கே: ஹாலோவீன் முடிந்ததும் பரங்கிக்காயைச் சாம்பாரில் போடலாமா?
ப: கூடாது. செதுக்குவதற்கென்றே வளர்க்கும் ரகங்கள் உண்டு. ஹவுடன் என்பது பேர்போன ஒன்று: காம்பு அழகு, நிறம் பளீர், சதை நாரும் தண்ணீரும். டப்பாவில் அடைத்து விற்பது வேறு ரகம். இல்லினாய்ஸ் மாநிலத்து மார்ட்டன் ஊர் அதற்குப் பெயர் போனது. வெளுத்த பழுப்புத் தோல், அதில் முகம் வெட்டினால் பேய்க்கே மனசு கேட்காது. அழகுக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று. விதையை மட்டும் எடுத்து உப்புப் போட்டு வறுத்துக்கொள்ளுங்கள். வாசலில் நாலு நாள் நின்ற காயைச் சமைத்தால், ஹாலோவீனின் அசல் பயங்கரம் வயிற்றில் தெரியும்.

‘எதிர்வீட்டுக்காரன்’, டாலஸ்
கே: எதிர்வீட்டில் கூரையைத் தாண்டி ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. என்ன சமாசாரம்?
ப: ஹோம் டிப்போ கடை 2020-ல் இறக்கிய சரக்கு. உயரம் 12 அடி, அன்றைய விலை 299 டாலர். கொரோனா ஆண்டு, யாரும் யார் வீட்டுப் படியும் ஏறமுடியாத காலம். தெருமுனையிலிருந்தே தெரியும் பேய்க்கு அடிதடி, சரக்கு மளமளவென்று காலி. நவம்பரில்தான் வாங்கியவர்களுக்கு உறைத்தது: 12 அடியை வைக்க எந்த வீட்டிலும் அலமாரி கிடையாது. டிசம்பரில் அதே எலும்புக்கூடு சாண்டா குல்லாவோடு நின்றால் பக்தி என்று நினைக்காதீர்கள்.

‘மெடிக்கல் மாணவன்’, பால்டிமோர்
கே: அலங்காரத்துக்கு நிஜ எலும்புக்கூடு வைத்தால் எப்படி இருக்கும்?
ப: விளையாட்டில்லை. 1985-ல் இந்திய அரசு தடை போடும் வரை, உலக மருத்துவக் கல்லூரிகளில் தொங்கிய அசல் எலும்புக்கூடுகளில் பெரும்பங்கு கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவை. ஆகவே பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தால், அது நம் ஊர்க்காரராக இருக்கலாம். மரியாதையாக நடத்துங்கள்.
இன்னொன்று. 1976 டிசம்பர், கலிபோர்னியாவின் லாங் பீச் கேளிக்கைப் பூங்கா. டி.வி. தொடர் எடுக்க வந்தவர்கள் தூக்கில் தொங்கிய பொம்மை ஒன்றை நகர்த்தினார்கள். கை கழன்று வந்தது, உள்ளே எலும்பு. 1911-ல் சுடப்பட்ட எல்மர் மெக்கர்டி என்ற கொள்ளைக்காரனின் பதப்படுத்திய உடல் அது. கண்காட்சி கண்காட்சியாகக் கைமாறி அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. செத்தபின்னும் 65 ஆண்டு ஓவர்டைம் பார்த்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

‘ஒட்டடை ராணி’, சியாட்டில்
கே: பஞ்சு சிலந்தி வலை வாங்கித் தோட்டம் முழுக்க இழுக்கப் போகிறேன். சரியா?
ப: வீட்டுக்குள் இழுங்கள். செடியிலும் மரத்திலும் வேண்டாம். குருவியும் தேனீயும் அதில் சிக்கிக்கொள்கின்றன. காட்டுயிர் மீட்பவர்கள் ஆண்டுதோறும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். உள்ளே நிஜ ஒட்டடை இருந்தால் தொடாதீர்கள். ‘அது அலங்காரம்’ என்று கணவர்கள் தைரியமாகச் சொல்ல ஆண்டில் ஒரு மாதம்தான் கிடைக்கிறது.

‘வெள்ளைத் துணி’, ராலே
கே: மேல்நாட்டுப் பேய் ஏன் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு வருகிறது?
ப: அது படுக்கை விரிப்பில்லை, அந்தக் காலத்தில் பிணத்தைச் சுற்றிய கோடித் துணி. வீட்டிலேயே ஒரு பேய் செய்யலாம். பலூனை ஊதி ஒரு பாட்டில் வாயில் நிறுத்துங்கள். மெல்லிய வலைத்துணியைக் கெட்டிக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து, பலூன்மேல் போர்த்தி, ஓரங்களை இழுத்துவிடுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். காலையில் ஊசியால் பலூனை உடைத்தால், தலையும் தோளுமாகத் துணி தானே நிற்கும், உள்ளே ஆளில்லை. கதர் வேட்டிக்குக் கஞ்சி போட்ட தலைமுறைக்கு இது பால பாடம். ஆளில்லாமல் நிற்கிற கதரை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

‘டெக் லீட்’, சான் ஹோசே
கே: ஹோலோகிராம் பேய் வேண்டும். பட்ஜெட் பூஜ்யம்.
ப: 1862-ல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய வித்தை இருக்கிறதே! மேடையில் சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடி. பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில் வெளிச்சம் அடித்த ஆள். கண்ணாடியில் அவன் பிம்பம் மட்டும் அந்தரத்தில். டிஸ்னிலாந்தில் 1969-ல் திறந்த பேய் மாளிகையின் நடனக்கூடத்தில் ஆடும் ஆவிகளும் இதே வம்சம்தான்.
உங்கள் வீட்டில்: டேப்லட்டைப் படுக்க வையுங்கள், மேலே 45 டிகிரி சாய்வில் போட்டோ சட்டத்துக் கண்ணாடி, திரையில் கறுப்புப் பின்னணியில் பேய், அறையில் இருட்டு. பழைய டெக்னாலஜிதான், ஆனால் அப்டேட் கேட்காது.

‘புகைச்சல்’, டெட்ராய்ட்
கே: கல்லறைப் புகைக்கு டிரை ஐஸ் போடலாமா?
ப: அதன் குளிர் மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். வெறுங்கையால் தொட்டால் தோல் போகும். மூடிய அறையில் குவித்தால் மூச்சுப் போகும். இறுக்கி மூடிய பாட்டிலில் போட்டால் பாட்டிலே போகும். புகை மெஷின் வாங்கி, அதன் புகையைப் பனிக்கட்டிப் பெட்டி வழியே விடுங்கள்; குளிர்ந்த புகை தரையோடு தவழும். பேய் வேஷம் போட்டால் போதும், பேயாகவே ஆகிவிட வேண்டாம்.

‘பாரம்பரியப் பித்தன்’, பாஸ்டன்
கே: பரங்கிக்காய்க்குள் அசல் மெழுகுவத்தி வைத்தால்தானே களை?
ப: களைதான். சுற்றிலும் காய்ந்த சோளத்தட்டை, கிரேப் காகிதம், தரையைப் பெருக்கும் அங்கியோடு ஓடிவரும் சின்னஞ்சிறு சூனியக்காரிகள், நடுவே தீ. பாட்டரி விளக்கு வையுங்கள் என்று தீயணைப்புக்காரர்கள் கெஞ்சுகிறார்கள். ஜாக்கின் தணல் நரகத்திலிருந்து நேராக வந்தது, ஆனால் அவனுக்கு வீட்டுக் கடன் கிடையாது.

‘பெயிண்டர்’, நாஷ்வில்
கே: ஒரு வீட்டு வாசலில் நீலப்பச்சை பூசிய பரங்கிக்காய். ஆரஞ்சு தீர்ந்துவிட்டதா?
ப: அது அறிவிப்புப் பலகை. உங்கள் டென்னசியில் 2012-ல் தொடங்கி, 2014-லிருந்து நாடு முழுக்கப் பரவியது. ‘இந்த வீட்டில் தின்பண்டமல்லாத பரிசும் உண்டு’ என்று பொருள். நிலக்கடலையோ பாலோ ஒவ்வாத குழந்தை இங்கே பென்சிலோ ஸ்டிக்கரோ வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போகும். பயமுறுத்துவதற்கென்றே இருக்கும் பண்டிகையில், பயத்தை எடுக்கிற ஒரே அலங்காரம்.

‘அரசியல் அறுவை’, வாஷிங்டன்
கே: வெள்ளை மாளிகையில் பேய் உண்டா?
ப: அலங்காரப் பேய் 1958-லேயே வந்துவிட்டது. ஹாலோவீனுக்காக அந்த மாளிகையை முதலில் அலங்கரித்தவர் அதிபர் ஐசனோவரின் மனைவி மேமி. எலும்புக்கூடு, சோளத்தட்டை, பரங்கிக்காய் எல்லாம் உண்டு. நிரந்தரப் பேய்களைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். பேத்தியைப் பார்க்க நான் இன்னொரு முறை அமெரிக்கா வரவேண்டும்.

‘வீடு தேடுபவன்’, நியூயார்க்
கே: பேய் இருக்கும் வீட்டை மறைத்து விற்றால் கேஸ் போடலாமா?
ப: போட்டு ஜெயித்தே இருக்கிறார்கள். உங்கள் மாநிலத்து நயாக் ஊரில் ஒரு வீடு. சொந்தக்காரர் ‘எங்கள் வீட்டில் ஆவிகள் உண்டு’ என்று பத்திரிகையில் பெருமையாகச் சொல்லியிருந்தார். வாங்க வந்த வெளியூர்க்காரரிடம் மூச்சு விடவில்லை. 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: ஊரறியச் சொல்லிவிட்டு இப்போது இல்லை என்று மறுக்க முடியாது, சட்டப்படி அந்த வீட்டில் பேய் உண்டு. வாங்க வந்தவர் ஒப்பந்தத்திலிருந்து தப்பினார். பேய்க்குப் பட்டா கொடுத்த ஒரே தீர்ப்பு அதுவாகத்தான் இருக்கும்.

‘வரலாற்று வாத்தியார்’, மினியாபொலிஸ்
கே: ஊர்கூடி ஹாலோவீன் கொண்டாடும் வழக்கம் எப்படி வந்தது?
ப: பையன்களின் தொல்லை தாங்காமல். மாட்டை அவிழ்த்துக் கடைத்தெருவில் விடுவது, ஜன்னலில் சோப்பைப் பூசுவது என்று அட்டகாசம். உங்கள் பக்கத்து ஊர் அனோகா 1920-ல் ஊர்வலம் நடத்திப் பையன்களை அதில் இழுத்துவிட்டது. இன்று அது தன்னை ஹாலோவீன் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது.
நியூஹாம்ப்ஷயரின் கீன் நகரம் 2013-ல் 30,581 பரங்கிக்காய் விளக்குகளை ஏற்றி உலக சாதனை செய்தது. மறு ஆண்டே விழாவை ஒட்டி இளவட்டங்கள் கலாட்டா, போலீஸ் கண்ணீர்ப்புகை வரை போயிற்று. பையன்களை ஒருநாள் ஏமாற்றலாம், நூறு வருஷம் ஏமாற்ற முடியாது.

‘சினிமாப் பைத்தியம்’, லாஸ் ஏஞ்சல்ஸ்
கே: 1978-ல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தின் அலங்காரம் வேண்டும். கட்டுப்படியாகுமா?
ப: தாராளமாக. அந்தக் கொலைகார முகமூடி, ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளையடித்தது. படம் எடுத்ததோ கலிபோர்னியாவின் வசந்த காலத்தில். இலையுதிர் காலம் வேண்டுமே! இலைகளுக்குப் பெயிண்ட் அடித்து, தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி, அடுத்த காட்சிக்கு அதையே தூவினார்கள். உங்கள் புல்வெளியில் இலவசமாகவே விழுகிறது. அள்ளச் சொல்லி வீட்டில் கத்தினால், ‘செட் பிராப்பர்ட்டி’ என்று சொல்லிப் பாருங்கள்.

‘ஆவி அழைப்பாளர்’, லாஸ் வேகஸ்
கே: வீட்டுக்குள் மேஜை, மெழுகுவத்தி எல்லாம் வைத்து ஆவி அழைக்கும் அறை அமைக்கலாமா?
ப: அமைக்கலாம், யாரும் வருவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மாயவித்தைக்காரர் ஹூடினி 1926-ல் அக்டோபர் 31 அன்றே காலமானார். அவர் மனைவி பத்து ஆண்டு கூப்பிட்டுப் பார்த்தார். 1936-ல் ஹாலிவுட் ஓட்டல் மாடியில் கடைசி முறை. பதிலில்லை. எந்தப் பெட்டியிலிருந்தும் தப்பித்தவருக்கு அந்த ஒன்று மட்டும் திறக்கவில்லை.

‘சாப்பாட்டு மேஜை’, டப்ளின்
கே: மேஜை அலங்காரத்துக்கு அயர்லாந்து வழியில் ஏதாவது?
ப: உங்கள் ஊரிலேயே இருக்கிறதே, பார்ம்பிராக்! உலர்பழம் போட்ட ரொட்டிக்குள் சாமான்களை ஒளித்துச் சுடுவார்கள். காசு கிடைத்தால் செல்வம், துணித்துண்டு கிடைத்தால் வறுமை, மோதிரம் கிடைத்தால் கல்யாணம். அனுபவஸ்தர் வாக்கு: மோதிரம் முதலில் வந்தால் துணி பின்னாலேயே வரும்.

‘செண்டுமல்லி’, சான் அன்டோனியோ
கே: பக்கத்து மெக்சிகோக்காரர் வீட்டில் மண்டையோடும் பூவுமாக இருக்கிறது. அதுவும் ஹாலோவீனா?
ப: அது நவம்பர் 1, 2-ல் வரும் இறந்தோர் நாள். வீட்டுக்குள் மேடை கட்டி, போனவர்களின் படம், பிடித்த சாப்பாடு, தண்ணீர், உப்பு, மெழுகுவத்தி, குவியலாகச் செண்டுமல்லி வைப்பார்கள். அங்கே யாரும் யாரையும் பயமுறுத்துவதில்லை. சொந்தக்காரர் வருகிறார், அவ்வளவுதான். நம் பூக்கடையில் குவியும் செண்டுமல்லிக்கும் பூர்வீகம் மெக்சிகோதான்.
மெக்சிகோ நகரத்தின் பெரிய ஊர்வலம் 2016-ல்தான் தொடங்கியது. முந்தின ஆண்டு ‘ஸ்பெக்டர்’ ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காகக் கற்பனையாக எடுத்ததை நிஜமாக்கிவிட்டார்கள். சினிமாக்காரர்களை நாம் முதலமைச்சர் ஆக்கினோம். அவர்கள் திருவிழாவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

‘இருதலைக் கொள்ளி’, ஃப்ரீமாண்ட்
கே: தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தால் வாசலில் என்ன வைப்பது?
ப: 2024-ல் அக்டோபர் 31 அன்று வந்ததே! கோலத்தையும் அகல் விளக்கையும் ஒரு பக்கம் வையுங்கள், மண்டையோட்டை மறுபக்கம். ஒன்று அசுரன் செத்ததைக் கொண்டாடுவது, மற்றது செத்தவர்கள் வருவதைக் கொண்டாடுவது. நரகாசுரனுக்குத்தான் குழப்பம்: போவதா, வருவதா?

‘உள்ளூர்ப் பெருமை’, மதுரை
கே: நாக்கு நீட்டிய திருஷ்டி பொம்மையைப் புது வீட்டில் தொங்கவிட்டவர்கள் நாம். நம்மைப் பார்த்துத்தானே செய்கிறார்கள்?
ப: டர்னிப் முகத்தையும் கெட்ட ஆவியை விரட்டத்தான் வைத்தார்கள். அதற்காகக் காப்பி என்று கிளம்பாதீர்கள். பயம் எல்லா ஊரிலும் சொந்தத் தயாரிப்பு, இறக்குமதியே தேவையில்லை.

‘அசோசியேஷன் அகதி’, ஃபீனிக்ஸ்
கே: எங்கள் குடியிருப்பில் அலங்காரத்துக்கு ஏகப்பட்ட விதிகள். மீறலாமா?
ப: பேய்க்குப் பயப்படாத அமெரிக்கன் உண்டு. அசோசியேஷன் நோட்டீஸுக்குப் பயப்படாதவன் இல்லை.

‘காலி பர்ஸ்’, கொலம்பஸ்
கே: ஐந்து டாலருக்குள் வீட்டைப் பயங்கரமாக்க வழி?
ப: கறுப்பு அட்டை இரண்டு, டார்ச் ஒன்று. அட்டையில் பூனை, எலி, விரல் நீண்ட கை என்று வெட்டி ஜன்னலின் உட்புறம் ஒட்டி, பின்னால் விளக்குப் போடுங்கள். டார்ச்சைப் படியருகே தரையில் வைத்து மேலே பார்க்கத் திருப்புங்கள். வெளிச்சம் கீழிருந்து வந்தால் மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறும். கூடப் பிறந்த அண்ணனே அந்நியனாகத் தெரிவான். மற்ற இடத்தை இருட்டாக விடுங்கள். மீதிப் பேயை வருகிறவன் மண்டையே தயாரித்துக்கொள்ளும், கூலியும் கேட்காது.

‘பயந்த அப்பா’, ஸ்கார்பரோ, டொரண்டோ
கே: என்ர மூண்டு வயசு மகள் எங்கட வாசல் எலும்புக்கூட்டைக் கண்டிட்டு வீட்டுக்குள்ள வரமாட்டன் எண்டுறாள். என்ன செய்யிறது ஐயா?
ப: பிள்ளையையே அதற்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள், தொப்பியும் மாட்டிவிடச் சொல்லுங்கள். பெயர் வைத்த பேய் கடிக்காது. மறுநாள் ‘அதுக்கும் சோறு போடுங்கோ’ என்று நிற்பாள். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

‘சோம்பேறி சங்கத் தலைவர்’, மேரிலாந்து
கே: எல்லாவற்றையும் எப்போது கழற்றுவது?
ப: நவம்பர் 1 காலையில். காயைக் குப்பை வண்டியில் ஏற்றாமல் உரக்குழிக்கு அனுப்புங்கள். பெயிண்ட் படாத காய் என்றால் பண்ணைப் பன்றிகள் விருந்தாகவே எடுத்துக்கொள்ளும். எலும்புக்கூட்டைப் பெட்டியில் அடுக்கும்போது எலும்புகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் நாயை விசாரியுங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், போலீசுக்கு எழுதுங்கள்.